ஓர் ஆளுக்குப் பதினைந்து, ஒரு விபத்துக்கு முப்பது

பெர்னடீன் ஹ்ருஸ்கா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மஞ்சள் வண்டி நின்று, பக்கவாட்டில் மற்ற வண்டிகளை நிற்கச் சொல்லும் சிவப்புப் பலகை நீண்டிருக்கும்போது எவனாவது தாண்டிப் போனால், அவனுடைய வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதோடு நிற்கமாட்டார். சாயங்காலம் அவன் வீட்டு வாசலுக்கே போவார். "பிள்ளைங்க இறங்கிட்டிருந்துச்சு. அப்படி என்ன அவசரம் உனக்கு, பெண்டாட்டிக்குப் பிரசவ வலியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். மார்வின் கேப் போன்ற ஊருக்கு அது போதும். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக வாழும் ஊர். திட்டு வாங்கியவன் அடுத்த வாரத்திலிருந்து மஞ்சளாக எதைக் கண்டாலும் பிரேக்கை மிதிப்பான்.

கணவர் எப்போதோ ஓஹியோவுக்கு, இன்னொருத்தியிடம் போய்விட்டார். பெர்னடீன் அதற்காக அழுததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பதால் எனக்குத் தெரிந்தது அவருடைய கோபம் மட்டும்தான். அந்தக் கோபத்தில் ஒரு நேர்மை இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடி பியரோகி பிடிப்பார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து விளிம்பை விரலால் அழுத்தி மூடும் கொழுக்கட்டைதான் அது. வெள்ளிக்கிழமை டஜன் கணக்கில் விற்று, தேவாலயத்தின் கூரைக்கோ கொதிகலனுக்கோ பணம் சேர்ப்பார்கள். பெர்னடீன் தன் காரில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போவார். ஒருவர் லொரெட்டா சபோ; தன் வீட்டின் முன்னறையிலேயே பெண்களுக்கு முடி அலங்காரக் கடை வைத்திருப்பவர். இன்னொருத்தி கோரின் ம்ராஸ். முப்பத்து நாலு வயது, இரண்டு குழந்தைகள். கிண்டர்கார்டன் நாளிலிருந்தே பெர்னடீனின் பேருந்தில் ஏறி இறங்கியவள். கோரினின் கணவன் டிராவிஸ் கம்பெனி லாரி ஓட்டுகிறான். சொந்தக் காரின் கியர்பெட்டி போனதும் அதைக் காயலான் கடைக்கு விற்றுவிட்டார்கள். அதனால்தான் அவள் பெர்னடீனின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை மழை. மாவு ஒட்டிய கையோடு மூவரும் திரும்பும்போது, தீவன மில்லுக்குப் பக்கத்து நாற்சந்தியில், ஷானா லட்ஸ் என்ற பெண் தன் காரில், நின்று போகச் சொல்லும் பலகையைத் தாண்டி வழுக்கி வந்து பெர்னடீனின் காரைப் பக்கவாட்டில் இடித்தாள். அடி விழுந்தது கோரின் உட்கார்ந்திருந்த பக்கம். பெர்னடீனின் வலது கை மூன்று இடத்தில் ஒடிந்தது. உள்ளே தகடு வைத்தும் பேருந்தின் ஸ்டியரிங்கைத் திருப்பும் பலம் திரும்பவில்லை. லொரெட்டாவுக்குக் காறை எலும்பும் விலா எலும்பும் முறிந்தன. கோரினை ஹெலிகாப்டரில் பிட்ஸ்பர்க் கொண்டுபோனார்கள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வே இல்லை. இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவமனைக்கு ஃபாதர் காசிமிர் வந்தார். நல்ல மனிதர்தான்; நல்ல மனிதர்கள் சொல்கிற அபத்தத்தையே சொன்னார்.

"கடவுள் உன்னைக் காப்பாத்திட்டார், பெர்னி."

"என்னைக் காப்பாத்தினாரா? அப்போ பின்சீட்ல இருந்தவ யாரு ஃபாதர், அவருக்கு மூத்த தாரத்துப் பிள்ளையா?"

ஃபாதர் ஜெபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கோரின் வீடு திரும்ப வேண்டுமானால் வாசல்படிக்குச் சரிவுப் பாதை வேண்டும், குளியலறையைச் சக்கர நாற்காலி நுழையும்படி இடித்துக் கட்ட வேண்டும், டிராவிஸ் லாரியில் இருக்கும் நேரமெல்லாம் அவளைத் தூக்கி இறக்க ஆள் வேண்டும். இதற்கெல்லாம் எங்கள் ஊருக்குத் தெரிந்த ஒரே பதில், பெட்ரோல் நிலையத்தின் கல்லாவில் லாட்டரிச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் அவள் புகைப்படம் ஒட்டிய ஒரு ஊறுகாய் ஜாடியை வைப்பதுதான். காப்பி வாங்குகிறவன் மிச்சச் சில்லறையை அதில் போடுவான். உலகத்திலேயே பணக்கார நாடு என்று மார் தட்டிக்கொள்கிற நாட்டில், முதுகெலும்பு முறிந்தவளுக்குக் கிடைக்கிற மரியாதை இது. எல்லாரும் அந்த ஜாடியைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். ஜாடி ஏன் தேவைப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கையைக் கட்டுத் துணியில் தொங்கவிட்டிருந்த பெர்னடீனால் வண்டி ஓட்ட முடியாததால் நான் ஓட்டினேன். அவர் முதலில் போகச் சொன்னது ஷானாவின் வீட்டுக்கு.

ஷானா படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டிவிடும் வேலை பார்க்கிறவள். ஒரு வீட்டில் முடித்து அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும்; நடுவில் காரில் கழியும் நேரத்துக்குக் கூலி கிடையாது. லாரியில் இழுத்துவந்து நிறுத்திய டிரெய்லர் வீட்டின் கதவைத் திறந்தவளுக்கு நெற்றியில் இன்னும் தையல் இருந்தது. பெர்னடீனைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"பலகை கண்ணுல படலையா உனக்கு?"

"பட்டுச்சு மேடம். பிரேக் பிடிச்சேன். வண்டி நிக்கலை. டயர் மொட்டையா இருந்துச்சு."

"மொட்டை டயரோட மழையில பறக்கிறியா? முட்டாளா நீ? ஒருத்தி இனிமே நடக்கவே மாட்டா, தெரியுமா?"

"தெரியும்." அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "ஆனா மேடம், இன்ஷூரன்ஸ் இருக்கு. நான் கட்டாம விட்டதே இல்லை. எனக்கு ஃபுல் கவரேஜ். அவங்க எல்லாத்தையும் பாத்துக்குவாங்க."

பெர்னடீனின் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தணிந்தது. வண்டியில் ஏறியதும், "கழுதை, கழுதை. ஆனா காப்பீடாவது வச்சிருக்கா," என்றார்.

நீல் ஆர்பாக் கோரினின் வக்கீல். மாவட்டத் தலைநகரில் பல் டாக்டரின் மாடியில் அலுவலகம். நெடுஞ்சாலை விளம்பரத் தட்டிகளில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற வகை வக்கீல் அல்ல. இரும்பு அலமாரியும் அழுக்குக் கண்ணாடியுமாக இருப்பவர். காயப்பட்ட மற்ற இருவர் என்ற முறையில் பெர்னடீனையும் லொரெட்டாவையும் வரச்சொல்லியிருந்தார்; வண்டி ஓட்டிப் போன நானும் உள்ளே உட்கார்ந்தேன்.

"முதல்லயே சொல்லிடறேன், நான் கோரின் பக்கத்து வக்கீல். நீங்க வேணும்னா வேறே ஆளை வச்சுக்கலாம்," என்றார்.

"நாங்க என்ன அவளுக்கு எதிரியா? விஷயத்தைச் சொல்லுங்க," என்றார் லொரெட்டா.

"ஷானாவோட பாலிசி பதினைஞ்சு-முப்பது. ரெண்டு எண். மத்தவங்க உடம்புக்குக் காயம் பண்ணினா கம்பெனி எவ்வளவு குடுக்கும்கிறதுக்கு உச்சவரம்பு. முதல் எண், ஓர் ஆளுக்கு: விரல் போனாலும் உயிரே போனாலும், ஓர் ஆளுக்குப் பதினைஞ்சாயிரம் டாலருக்கு மேல ஒரு சென்ட் கிடையாது. ரெண்டாவது எண், ஒரு விபத்துக்கு: மூணு பேரோ முப்பது பேரோ, அத்தனை பேருக்கும் சேர்த்து முப்பதாயிரம். நம்ம மாநிலச் சட்டம் கேக்கிற குறைஞ்சபட்சம் அது."

"பதினைஞ்சாயிரமா?" லொரெட்டா நாற்காலியில் முன்னுக்கு வந்தார். "அவ போன ஹெலிகாப்டர் எழும்பறதுக்குள்ளயே அது தீந்திருக்குமே."

"தீந்துபோச்சு."

"மிச்சத்துக்கு அந்தப் பொண்ணு மேல கேஸ் போட்டா?"

"போடலாம். ஜெயிக்கலாம். வாடகை டிரெய்லர், நொறுங்கின கார், மணிக்கூலி. எதை எடுப்பீங்க?" ஆர்பாக் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பெனி தகராறே பண்ணலை. முப்பதை மேஜையில வச்சிட்டாங்க. நீங்க மூணு பேரும் உட்கார்ந்து பங்கு பிரிச்சுக்கணும். பிரிச்சதும், இனிமே ஷானா மேல எதுவும் கேக்கமாட்டோம்னு மூணு பேரும் கையெழுத்துப் போடணும்."

"அதாவது," என்றார் பெர்னடீன், "என் கையா இவ விலாவா கோரின் முதுகான்னு நாங்களே ஏலம் போட்டுக்கணும். அவனுங்க காப்பி குடிச்சிட்டு வேடிக்கை பாப்பானுங்க."

"அப்படித்தான்."

பெர்னடீன் லொரெட்டாவைப் பார்த்தார். லொரெட்டா தன் கைகளைப் பார்த்தார். கை தூக்க முடியாமல் அவருடைய முடிக்கடை மூடிக் கிடந்தது. பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.

"முப்பதும் கோரினுக்கே. எழுதுங்க," என்றார் பெர்னடீன்.

"முடியாது."

"நாங்களே வேண்டாங்கிறோம். உங்களுக்கு என்ன?"

"ஓர் ஆளுக்குப் பதினைஞ்சு, பெர்னடீன். நீங்க ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தாலும் அவளுக்குப் பதினைஞ்சைத் தாண்டாது. நீங்க வேண்டாம்னு சொன்னா மிச்சம் கம்பெனிக்கே திரும்பிப் போகும்."

அந்த அறையில் நான் கேட்டதிலேயே மிக மோசமான வாக்கியம் அது. மனிதர்கள் கருணையோடு நடந்துகொள்ளத் துணிந்தாலும் அதற்கும் ஒரு மேல்வரம்பு போட்டு வைத்திருக்கிறது சட்டம். அந்த எண்களை எழுதி ஒப்பமிட்டவர்கள் பலர் இன்று கல்லறையில் இருப்பார்கள். ரொட்டி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, எங்கள் ஊர் இடுகாட்டில் குழி தோண்டும் கூலி கூட ஏறியது. பதினைந்தும் முப்பதும் மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் குடும்பத்தின் புனிதத்தைப் பற்றிப் பேசக் கூடுகிறார்களே, அவர்களில் ஒருவனுக்கும் ஒரு குடும்பத்துக்காரியின் முதுகெலும்பு எவ்வளவு பெறும் என்று மறுகணக்குப் போட நேரமில்லை.

ஆர்பாக் தயங்கினார். "ஒரு வழி மிச்சம் இருக்கு. அவ இருந்தது உங்க கார்ல. இடிச்சவங்க காப்பீடு போதலைன்னா, நீங்க ஏறியிருந்த காரோட பாலிசியே மிச்சத்தை ஈடு கட்டற ஒரு பிரிவு உண்டு. அது உங்ககிட்ட இருந்தா கோரினுக்கும் கிடைக்கும்."

"இருக்கும். என்னோடது ஃபுல் கவரேஜ்," என்றார் பெர்னடீன்.

சொன்ன உடனேயே அவர் என் பக்கம் திரும்பினார். அந்த வார்த்தையை இதற்குமுன் எங்கே கேட்டோம் என்பது ஷானாவின் வாசலில் நின்ற எங்கள் இருவருக்குமே நினைவு வந்தது.

டென்னி ஃப்ரான்ட்ஸ் ஊரின் காப்பீட்டு முகவர். பெர்னடீனோடு ஒரே வகுப்பில் படித்தவர். சிறுவர் பேஸ்பால் அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பவர். மார்வின் கேப்பில் எல்லார் சமையலறையிலும் தொங்குவது அவருடைய நாட்காட்டிதான். எங்களைக் கண்டதும் மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தினார்.

"மிட்டாயைத் தூக்கி அந்தப் பக்கம் வை. என் பாலிசியைத் திற."

டென்னி கணினியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன்னோடதும் பதினைஞ்சு-முப்பதுதான், பெர்னி. அந்தப் பிரிவு இல்லை. வேண்டாம்னு நீ கையெழுத்துப் போட்டிருக்கே."

"நான் எப்போடா போட்டேன்?"

"புதுக் கார் வாங்கினப்போ. மாசக் கட்டணம் அதிகம்னு சொன்னே. எவ்வளவு குறைக்க முடியுமோ குறை, ஆனா ஃபுல் கவரேஜா இருக்கணும்னே. நானும் குறைச்சேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

"அப்புறம் எதுடா ஃபுல்லு?"

"உன் கார். கார் மேல மரம் விழுந்தா, ஆலங்கட்டி விழுந்தா, மான் வந்து மோதினா..."

"மான் மோதினா காசு. என் கார்ல வர்ற மனுஷி ஒடிஞ்சா?"

டென்னி கண்ணைத் திரைக்குத் திருப்பினார்.

"பள்ளிப் பேருந்துக்கும் நீதானே எழுதினே. அதுக்கு எவ்வளவு?"

"அது மில்லியன் கணக்குல. மாவட்டம் கேக்குது, அதனால..."

"அதே கைதானே டென்னி ரெண்டு வண்டியையும் ஓட்டுச்சு? காலையில பிள்ளைங்களோட போனா மில்லியன். சாயங்காலம் அதே பிள்ளை வளந்து என் பின்சீட்ல உக்காந்தா பதினைஞ்சா? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலையே, பெர்னி."

"கேக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கணுமேடா! தெரிஞ்சவன் நீ. அதுக்குத்தானே உனக்குக் கமிஷன்." அவருடைய நல்ல கை மேஜையில் இறங்கியது. "பதினைஞ்சு-முப்பதுக்குப் பதிலா நூறு-முந்நூறு போட்டு, அந்தப் பிரிவையும் வச்சிருந்தா எவ்வளவு கூட ஆகியிருக்கும்?"

டென்னி தணிந்த குரலில் சொன்னார்: "மாசத்துக்கு ஒரு பீட்சா காசு."

இந்த மக்களை நான் அறிவேன். துப்பாக்கியின் பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார்கள். பழைய டிரக்கின் எஞ்சினுக்கு மூச்சொலியை வைத்தே நோய் சொல்வார்கள். ஆனால் தங்கள் பெயரில் உள்ள பாலிசியின் இரண்டு எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், முகவர் கொடுத்த 'ஃபுல் கவரேஜ்' என்ற இரண்டு சொல்லை ஜெபம் போலத் திருப்பிச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பொருளே கிடையாது. நம்பிக்கை என்பது தேவாலயத்தில் மட்டும் விற்கப்படுவதில்லை.

பெர்னடீன் ஆர்பாக்கைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதைச் சொன்னார். "கோரினுக்கு நான் தெரிவிச்சே ஆகணும். நீங்க முதல்ல சொல்றதுன்னா, நாளை மத்தியானம்வரை பொறுக்கிறேன்," என்றார் வக்கீல்.

மறுவாழ்வு மையத்தில் கோரின் சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் இருந்தாள். பெர்னடீன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முன்னுரை இல்லை, சமாதானம் இல்லை. தன் காரின் பாலிசி அவளைக் காப்பாற்றியிருக்கும் என்றும், அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது தன் கைதான் என்றும் சொன்னார்.

கோரின் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு மிச்சம் பிடிச்சே, பெர்னி?"

"மாசத்துக்கு ஒரு பீட்சா காசு."

"என்ன பீட்சா?"

"ம்?"

"பெப்பரோனியா, வெறும் சீஸா? என் ரெண்டு காலுக்கும் எது ஈடுன்னு தெரிஞ்சுக்கறேன்."

பெர்னடீன் அழவில்லை. அழுதால் இவள் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"எங்கிட்ட கார் இருந்தா நானும் அதையேதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருப்பேன். அதான் எனக்கு இன்னும் எரியுது," என்றாள் கோரின். "போயிடு. உன் மூஞ்சியைப் பாக்க முடியலை."

போனோம்.

தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் கோரினுக்காக நிதி விருந்து நடந்தது. ஸ்பாகெட்டி, மாட்டிறைச்சி உருண்டை, வீட்டில் சுட்ட கேக்குகள். குலுக்கல் பரிசு ஒரு வேட்டைத் துப்பாக்கி. நன்கொடை டென்னி ஃப்ரான்ட்ஸ். கோரினை முன்வரிசையில், காட்சிக்கு வைத்ததுபோல் உட்காரவைத்திருந்தார்கள். இத்தனை அன்பான ஊரைத் தந்ததற்காக ஃபாதர் கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்ததும், டென்னி சீட்டு எடுக்க மேடை ஏறினார். பெர்னடீன் பின்னாலேயே ஏறி அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"உக்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. கார் வச்சிருக்கிறவங்கள்ல ஃபுல் கவரேஜ் உள்ளவங்க கையைத் தூக்குங்க."

கூடம் முழுக்கக் கைகள். யாரோ சிரித்தார்கள். ஃபாதரின் கையும் மேலே இருந்தது.

"நானும் தூக்கியிருப்பேன். இப்போ, உங்களால ஒருத்தனுக்கு முதுகு ஒடிஞ்சா உங்க பாலிசி அவனுக்கு எவ்வளவு குடுக்கும்னு தெரிஞ்சவங்க மட்டும் கையைக் கீழே போடுங்க."

ஒரு கையும் இறங்கவில்லை. கரண்டிச் சத்தம் நின்றது.

"பெர்னி, இது சமயம் இல்லை," என்றார் டென்னி.

"நீ வாயை மூடு. உனக்குச் சமயம் இருந்துச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை, நாட்காட்டி குடுக்க வந்தப்பல்லாம்." அவர் கூடத்தின் பக்கம் திரும்பினார். "ஷானா லட்ஸை நான் முட்டாள்னு திட்டினேன். பலகையைத் தாண்டினது அவ தப்பு. அதை நான் விடமாட்டேன். ஆனா அவகிட்ட இருந்த அதே பதினைஞ்சு-முப்பதுதான் என்கிட்டயும் இருந்துச்சு. கோரினுக்குக் கிடைக்க வேண்டியதை வேண்டாம்னு எழுதிக் குடுத்தவ நான். நாளைக்கு மழை பெய்யும். உங்க வண்டி வழுக்கும். இடிபடறது உங்க பக்கத்து வீட்டுக்காரன்தான். இந்த ஊர்ல வேறே யார் இருக்கா? அப்போ இன்னொரு ஸ்பாகெட்டி போடுவீங்களா? எத்தனை துப்பாக்கி குலுக்குவீங்க?"

"சட்டமே அவ்வளவுதானே கேக்குது," என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"அந்தச் சட்டத்தை மாத்தாம வச்சிருக்கிறவனுக்குத்தானே வாக்குப் போட்டே, ராய்? போய் அவன் சட்டையைப் பிடி. அதுவரைக்கும் உன் பாலிசியை எடுத்துப் படி."

கைதட்டல் எதுவும் இல்லை. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டதாக அடுத்த பல வாரங்கள் பேசினார்கள். டென்னியின் அலுவலகத்துக்குச் சிலர் போனதாகவும், பலர் போகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். துப்பாக்கி பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுக்கு விழுந்தது. சேர்ந்த பணம் சரிவுப் பாதைக்கு ஆனது, குளியலறைக்கு ஆகவில்லை.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கோரினுக்குப் பதினைந்து. மீதிப் பதினைந்தை மற்ற இருவரும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டார்கள். லொரெட்டா தன் பங்கை வைத்துக்கொண்டார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது, அவருக்கு மூடிய கடை இருந்தது. பெர்னடீனுக்குப் பேருந்து வேலை போய்விட்டது. அப்படியும் காசோலை வந்த அன்றே என்னை வண்டி எடுக்கச் சொன்னார்.

புதுப் பலகை மணக்கும் சரிவுப் பாதையில் ஏறிக் கதவைத் தட்டினார். கோரின் நாற்காலியை உருட்டி வந்து திறந்தாள். மறுவாழ்வு மையத்தில் பார்த்த பிறகு இருவரும் பேசியதில்லை.

"குளியலறைக்கு," என்று காசோலையை நீட்டினார் பெர்னடீன். "ஒரு வரம்பும் இல்லாம, என் கையால உன் கைக்கு. இதைத் தடுக்க அவனுங்ககிட்ட எண் இல்லை."

கோரின் வாங்கிப் பார்த்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நன்றி சொல்லமாட்டேன்."

"சொல்லாதே."

"இன்னும் கோபம் போகலை."

"போக வேண்டாம். வச்சுக்கோ," என்றார் பெர்னடீன். "கொத்தனார் யாருன்னு சொல்லு. அவன் எவ்வளவு கேக்கறான்னு நான் பேசறேன்."

கோரின் வழியை விட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். பெர்னடீன் உள்ளே போனார்.